மலையகத்திலிருந்து பிரெஞ்சும் புவியியலும்: சேர்த்துப் படிக்க விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

சாதாரணதரம் முடித்து எந்தப் பிரிவு எடுப்பது என்று யோசிக்கும் பிள்ளைகளும், கெம்பஸ் கிடைத்தபின் எந்த மூன்று பாடத்தைப் போடுவது என்று தடுமாறும் பிள்ளைகளும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: பிரெஞ்சையும் புவியியலையும் சேர்த்துப் படிக்கலாமா? படிக்கலாம். ஹட்டனில் இருந்தாலும் பண்டாரவளையில் இருந்தாலும் வழி இருக்கிறது. நேர்வழி அல்ல, அவ்வளவுதான். எதை எப்போது தொடங்குவது, எதைத் தள்ளிப்போடுவது என்று தெரிந்துகொண்டு இறங்கினால் காசும் காலமும் மிச்சமாகும்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டையும் இரண்டு தனிப் பாடங்களாக, இரண்டு கொப்பிகளில் படிப்பவர்கள் இரண்டாம் வருடத்துக்குள் களைத்துப்போகிறார்கள். புவியியலைப் பிரெஞ்சிலும் படிக்கத் தொடங்குபவர்கள் நிலைத்து நிற்கிறார்கள். அப்படிப் படிப்பதற்கு வேண்டிய பொருளைத் தேடி எங்கும் போக வேண்டாம். நாம் பிறந்து வளர்ந்த தோட்டமும் மலையும் ஓடையும் போதும். கீழே வரும் படிகள் எல்லாம் இதை மனதில் வைத்து எழுதியவை.

இந்தச் சோடி எப்படிப் பொருந்துகிறது?

பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பல, பிரெஞ்சையும் புவியியலையும் ஒரே பட்டமாகவே கற்பிக்கின்றன. பெரும்பாலும் நான்கு வருடப் படிப்பு. மூன்றாம் வருடத்தை மாணவர்கள் பிரெஞ்சு பேசும் நாடொன்றில் கழிப்பார்கள். வெளிநாட்டு மாணவருக்கு அங்கே கட்டணம் மிக அதிகம் என்பதால் நம் பிள்ளைகளுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த அமைப்பிலுள்ள நல்ல விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: மொழி ஒரு பக்கம், இடத்தைப் படிக்கும் பயிற்சி ஒரு பக்கம், பிறகு இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் ஒரு காலம். இந்த மூன்றையும் இங்கே நாமே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்.

புவியியலைப் பல்கலைக்கழகத் துறையாக வளர்த்ததில் ஜேர்மனியோடு பிரான்சுக்கும் பெரிய பங்கு உண்டு. எலிசே ரெக்லூ (1830–1905) உலக நாடுகளைப் பற்றி 19 பெரும் தொகுதிகள் எழுதினார். போல் விடால் தெ லா பிளாஷ் (1845–1918) வேறொரு பாதையைத் திறந்தார். இயற்கை பல வாய்ப்புகளைத் தருகிறது, அதில் எதை எடுத்து எப்படி வாழ்வது என்பதை மனிதர்களே தீர்மானிக்கிறார்கள் என்பது அவருடைய பார்வை. உயர்தர வகுப்பில் இரண்டு வரியில் கடந்துபோகும் இந்தக் கருத்தை, ஒரே மலைச்சரிவில் ஒரு காலத்தில் காடும் பிறகு கோப்பியும் அதன் பிறகு தேயிலையும் வந்த கதையோடு வைத்துப் பாருங்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழியத் தொடங்கியது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையை நட்டிருந்தார். மலையும் மழையும் மாறவில்லை. அவற்றை என்ன செய்வது என்ற தீர்மானம் மாறியது, அந்தத் தீர்மானத்தை எடுத்தவர்கள் நம் முன்னோர் அல்ல. விடாலை இங்கிருந்து வாசித்தால் இந்தக் கேள்வி தானாக எழும்: தீர்மானித்தது யார்?

பிரெஞ்சு ஆய்வாளர்கள் நம் நாட்டைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். 1960களில் இலங்கையின் தாவரப் பரம்பலைக் காட்டும் 10 இலட்சத்துக்கு 1 என்ற அளவுத்திட்டப் படத்தை உருவாக்கியவர்கள், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கிய ஹென்றி கோசன், பியர் லெக்ரி முதலானோர். எரிக் மெயர் என்ற வரலாற்றாசிரியர் நம் பெருந்தோட்டங்களையும் அவற்றைச் சூழ்ந்த சிங்களக் கிராமங்களையும் பல காலம் ஆராய்ந்தவர். பாரிஸ் சுற்றுப்புறங்களில் குடியேறிய தமிழரைப் பற்றி அந்தோனி கோரோ-பொன்சோ என்ற புவியியலாளர் எழுதியிருக்கிறார். இவற்றில் பெரும்பகுதி பிரெஞ்சில்தான் கிடக்கிறது. நம்மைப் பற்றி எழுதியதை நாமே வாசிக்க முடிவது சின்ன விஷயமில்லை.

முதல் படி: சாதாரணதரம்

இப்போதுள்ள முறையில் சாதாரணதரத்தின் முதலாம் தொகுதித் தெரிவுப் பாடங்களுக்குள்ளேயே புவியியலும் இருக்கிறது, பிரெஞ்சும் இருக்கிறது. ஒரு தொகுதியிலிருந்து ஒரு பாடம்தான் எடுக்கலாம். ஆகவே இரண்டையும் சாதாரணதரத்தில் சேர்த்து எழுத முடியாது.

நம் பக்கத்துப் பாடசாலைகளில் பிரெஞ்சு ஆசிரியர் கிடைப்பது அரிது. புவியியலை எடுங்கள், அதற்காகக் கவலைப்படவும் வேண்டாம். பிரெஞ்சை வெளியில் எந்த வயதிலும் தொடங்கலாம். படம் வாசிக்கவும் மழை வீழ்ச்சி வரைபடம் போடவும் சிறுவயதில் ஓர் ஆசிரியர் பக்கத்திலிருந்து கைபிடித்துச் சொல்லித்தந்தால், அந்த அடித்தளம் கடைசிவரை நிற்கும்.

இரண்டாம் படி: உயர்தரத்தில் பிரெஞ்சை எடுப்பதா, விடுவதா?

கலைப்பிரிவில் பிரெஞ்சு ஒரு பாடமாக இருக்கிறது, புவியியலும் இருக்கிறது. இரண்டையும் போட்டு மூன்றாவதாகத் தமிழையோ அரசியல் விஞ்ஞானத்தையோ எடுத்துவிடலாம் என்று தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில் நடக்கிறது. நீங்கள் எத்தனை புள்ளி எடுத்தீர்கள் என்பதோடு அது நிற்பதில்லை. அதே பாடத்தை எழுதிய மற்றவர்களின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறீர்கள் என்பதை அது அளக்கிறது. பிரெஞ்சைச் சிறுவயதிலிருந்தே வகுப்பில் படித்த நகரப் பிள்ளைகளோடு, உயர்தரத்துக்காகவே அதைத் தொடங்கும் நம் பிள்ளை ஒரே தாளை எழுத வேண்டும். அவர்கள் உயர்த்திவைத்த சராசரிக்குக் கீழே நின்றால், மற்ற இரண்டு பாடத்தில் ஏ எடுத்தும் அனுமதி தப்பிப்போகலாம்.

என் தீர்ப்பு இது. பிரெஞ்சில் ஏற்கெனவே நல்ல அடித்தளம் உள்ளவர்கள், அதாவது ஒரு சிறு பந்தியை அகராதி இல்லாமல் வாசித்து நாலைந்து வரி பதில் எழுதக்கூடியவர்கள், பிரெஞ்சை எடுங்கள். மற்றவர்கள் புவியியல், தமிழ், இன்னொரு பிடித்த பாடம் என்று எழுதி முதலில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்துவிடுங்கள். உயர்தரம் எழுதிய நாளுக்கும் கெம்பஸ் தொடங்கும் நாளுக்கும் இடையில் நீண்ட காத்திருப்பு இருக்கும். பிரெஞ்சின் முதல் இரண்டு நிலைகளை முடிக்க அதைவிட நல்ல காலம் கிடைக்காது.

ஆங்கிலத்தை இந்தக் காலத்திலேயே தூக்கி நிறுத்துங்கள். ஆங்கிலம் தடுமாறுகிறவர் பிரெஞ்சுக்கு லாயக்கில்லை என்று சிலர் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். ஆனால் பல்கலைக்கழகத்தில் புவியியல் வாசிப்பில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் வரும்.

மூன்றாம் படி: எந்தப் பல்கலைக்கழகம்?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைந்நூல் ஒவ்வொரு வருடமும் தமிழிலும் வெளிவருகிறது. அந்த வருடத்துக் கைந்நூலைத்தான் பார்க்க வேண்டும். அக்காவுடைய பழைய பிரதியை வைத்துக்கொண்டு தெரிவுகளை நிரப்பாதீர்கள்.

மலையகத்துப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது பேராதனை. கலைப்பீடத்தில் தமிழ் மொழிமூலமும் உண்டு, புவியியல் துறைக்கு நீண்ட மரபும் உண்டு. இலங்கையின் மழை பற்றி 1950களில் எழுதிய ஜோர்ஜ் தம்பையாபிள்ளை போன்றவர்கள் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் அந்த மரபிலிருந்து வந்தவர்கள். கண்டி நகரம் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். அங்கே பிரெஞ்சு கற்பிக்கும் அலையன்ஸ் ஃப்ரான்ஸேஸ் நிலையம் இருக்கிறது. கிழமை நாட்களில் பேராதனையில் புவியியல், வார இறுதியில் கண்டியில் பிரெஞ்சு. வீட்டுக்கும் தூரமில்லை, செலவும் தாங்கும். மலையகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

பிரெஞ்சையே பட்டப் பாடமாக எடுத்தாக வேண்டும் என்பவர்கள் களனியைப் பாருங்கள். மனிதப்பண்பியல் பீடத்தின் நவீன மொழிகள் துறையில் பிரெஞ்சு இருக்கிறது, சமூக விஞ்ஞான பீடத்தில் புவியியல் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு பீடங்கள் என்பதால் பாடங்களைப் பதியும் முதல் கிழமையிலேயே இரண்டு துறைக்கும் நேரில் போய்க் கேட்க வேண்டியவை மூன்று: இந்தச் சேர்க்கை இந்த வருடம் அனுமதிக்கப்படுகிறதா, விரிவுரை நேரங்கள் மோதுகின்றனவா, பிரெஞ்சுக்கு முன்தகைமை என்ன. தமிழ் மொழிமூலம் இருக்கும் என்று எண்ணிப் போக வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதும் தயாரிப்போடு போங்கள்.

யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களிலும் புவியியலைத் தமிழில் படிக்கலாம். அங்கே போகிறவர்கள் பிரெஞ்சை இணையவழி வகுப்பிலும் விடுமுறை வகுப்பிலும் பிடிக்க வேண்டியிருக்கும்.

எங்கே போனாலும் முதல் வருட மதிப்பெண் முக்கியம். நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாவது அதை வைத்துத்தான். ஆய்வேடு எழுதும் வாய்ப்பும் சிறப்புப் பட்டத்தில்தான் முழுமையாக வரும். புவியியலைச் சிறப்புப் பாடமாக எடுத்து, பிரெஞ்சைச் சான்றிதழ் வழியாக வளர்ப்பதே பெரும்பாலான நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது.

நான்காம் படி: பிரெஞ்சைத் தொடங்குதல்

ஐரோப்பிய மொழி நிலைகள் ஆறு: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. முதல் நான்குக்கும் டெல்ஃப் என்ற சான்றிதழ், கடைசி இரண்டுக்கும் டால்ஃப். ஒவ்வொரு டெல்ஃப் பரீட்சைக்கும் மொத்தம் 100 புள்ளி. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்குக்கும் 25 வீதம். 50 எடுத்தால் சித்தி, ஆனால் எந்த ஒன்றிலும் 5க்குக் கீழே போகக்கூடாது. இந்தச் சான்றிதழ் காலாவதியாவதில்லை. டிசிஎஃப் என்ற இன்னொரு பரீட்சையும் உண்டு. அதன் பெறுபேறு 2 வருடங்களுக்கே செல்லும் என்பதால், விண்ணப்பிக்கும் தறுவாயில் உள்ளவர்களுக்குத்தான் அது பொருந்தும்.

ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து பி2 வரை போக, வகுப்பும் சொந்தப் படிப்புமாக அண்ணளவாக 500 முதல் 600 மணி நேரம் வேண்டும். கிழமைக்கு ஐந்தாறு மணி ஒதுக்கினால் இரண்டு வருடமளவில் ஆகும். நான்கு வருடப் பட்டப்படிப்புக்குள் இது தாராளமாக அடங்கும். மூன்றாம் வருடத்தில் தொடங்கினால்தான் மூச்சு முட்டும்.

ஹட்டன், நாவலப்பிட்டி பக்கத்திலிருந்து சனிக்கிழமை வகுப்புக்குக் கண்டிக்கு வந்துபோவது நடக்கக்கூடியது. பதுளை, பசறை, லுணுகலை பக்கத்தவர்களுக்கு அது ஒரு நாளையே விழுங்கிவிடும். அவர்கள் இணையவழி வகுப்பில் சேர்ந்து, பரீட்சைக்கு முந்திய மாதத்தில் மட்டும் கண்டியிலோ கொழும்பிலோ தங்கிப் பேச்சுப் பயிற்சி எடுக்கலாம். தோட்டத்தில் சிக்னல் கிடைக்காத பிரச்சினை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆர்எஃப்ஐ வானொலி எளிய பிரெஞ்சில் தரும் செய்தித் தொகுப்பு ஒவ்வொன்றும் பத்து நிமிடமளவே. டவுனுக்குப் போகும்போது ஒரு கிழமைக்குரியதை இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் கேட்கலாம். டிவி5மோந்த் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் தளத்தில் நிலைவாரியான பயிற்சிகள் இலவசம்.

தமிழ் பேசுகிறவர்களுக்குப் பிரெஞ்சில் சில இடங்கள் இலகு. நீ, நீங்கள் என்ற வேறுபாடு அங்கேயும் உண்டு, யாரிடம் எதைச் சொல்வது என்பதை யாரும் நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. நான், நீ, அவர்கள் என்று ஆளுக்கேற்ப வினைமுடிவு மாறுவதும் பழகியதுதான். கடினமான இடங்களும் உண்டு. மேசைக்கும் நாற்காலிக்கும் ஆண்பால் பெண்பால் இருப்பதை, ஒவ்வொரு சொல்லையும் அதற்கு முன்னால் வரும், பால் காட்டும் சிறுசொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்துதான் கடக்க வேண்டும். ஒலியில் நம் எழுத்து நம்மை ஏமாற்றும். பாணுக்கும் குளியலுக்கும் உரிய பிரெஞ்சுச் சொற்கள் முதல் ஒலியில் மட்டுமே வேறுபடும். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே ‘ப’ வரும். அதனால் பிரெஞ்சைத் தமிழ் எழுத்தில் குறித்துப் படிக்கும் பழக்கத்தை முதல் கிழமையிலேயே விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: உங்கள் தோட்டத்தைப் பிரெஞ்சில் வரையுங்கள்

இரண்டு பாடமும் ஒன்றாகும் இடம் இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிரான்சில் உயர்நிலைப் பள்ளி தொட்டுப் பல்கலைக்கழகம் வரை புவியியல் மாணவர்கள் குரோக்கி என்ற விளக்க வரைபடத்தைப் பழகுகிறார்கள். அளவுப் பிரமாணம் பிசகாத படம் அல்ல அது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் படம். அதன் உயிர் குறிவிளக்கத்தில் இருக்கிறது. குறிகளை வெறும் பட்டியலாகப் போடக்கூடாது. இரண்டு மூன்று தலைப்புகளின் கீழ், ஒரு வாதம் நகர்வதுபோல அடுக்க வேண்டும். பரப்புகளுக்கு நிறம், பாதைகளுக்குக் கோடு, இடங்களுக்குப் புள்ளிக்குறி. முக்கியமானது அழுத்தமான நிறத்தில், மற்றது வெளிறிய நிறத்தில்.

நிலஅளவைத் திணைக்களத்தின் 50,000க்கு 1 படத்தில் உங்கள் தோட்டம் வரும் தாளை எடுங்கள். உயர்தரத்தில் நீங்கள் பழகிய அதே வகைப் படம்தான். ஒரு டிவிஷனை மட்டும் வெட்டியெடுத்து வெள்ளைத்தாளில் பெரிதாக்குங்கள். சமவுயரக் கோடுகளில் நாலைந்து போதும். பிறகு கால்நடையாக ஒருமுறை போய்ப் பாருங்கள், படத்தில் இல்லாதது நிறைய இருக்கும்.

முதல் தலைப்பு: தேயிலைக்காக ஒழுங்கு செய்யப்பட்ட சரிவு. மலையுச்சியில் மிச்சமிருக்கும் காடு அல்லது யூக்கலிப்டஸ், நடுச்சரிவில் தேயிலை, ஓடையோரத்தில் மரக்கறித் தோட்டம். இரண்டாவது: யார் எங்கே வைக்கப்பட்டார்கள். வீதியோரத்தில் தொழிற்சாலை, காட்சி தெரியும் மேட்டில் துரை பங்களா, பள்ளத்தில் லயன்கள், அவற்றுக்கிடையில் பிள்ளைக்காம்பராவும் கோயிலும் பாடசாலையும். மூன்றாவது: மாறிக்கொண்டிருப்பதும் ஆபத்தும். 7 பேர்ச் காணியில் எழுந்த தனிவீடுகள், கைவிடப்பட்டுக் காடாகிப்போன தேயிலை மலை, வெட்டப்பட்ட சரிவு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் என்று குறித்த பகுதி.

இந்த மூன்று தலைப்பையும் வரிசையாக வாசித்துப் பாருங்கள். படமே ஒரு கட்டுரையாகிவிட்டது. இரண்டாம் தலைப்பை வரைந்த பிறகு, பங்களா ஏன் மேட்டிலும் லயன் ஏன் பள்ளத்திலும் இருக்கிறது என்ற கேள்வியை யாரும் தவிர்க்க முடியாது. மூன்றாம் தலைப்புக்கு வரும்போது மண்சரிவில் முதலில் அடிபடுவது எந்த வீடுகள் என்பதற்கும் பதில் அங்கேயே நிற்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனவை லயன் வீடுகள். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகம் பட்ட பாட்டை இங்கே யாருக்கும் விவரிக்கத் தேவையில்லை.

பிரெஞ்சு இங்கே எப்படி நுழைகிறது? ஏ1, ஏ2 நிலையில் சொல்லித்தரும் இலக்கணத்தில் பாதி, இடத்தைச் சொல்வது: மேலே, கீழே, ஓரமாக, இடையில், எதிரே, தூரத்தில். பாடப்புத்தகத்தில் இவற்றைப் பூனையையும் மேசையையும் வைத்துப் பழக்குவார்கள். நீங்கள் உங்கள் படத்தை வைத்துப் பழகுங்கள். தொழிற்சாலை வீதியோரத்தில் இருக்கிறது. லயன்கள் அதற்குக் கீழே, ஓடைக்கு அருகில் இருக்கின்றன. கோயிலுக்கும் பாடசாலைக்கும் இடையில் ஒரு விளையாட்டு மைதானம் இருக்கிறது. இப்படிப் பத்து வசனம். பி1 வந்ததும் அதே படத்துக்கு முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி மாறியிருக்கிறது என்று எழுதலாம், இறந்தகால வினைகள் அதில் பழகிவிடும். பி2இல் காரணமும் வாதமும்: மக்களை இடம்பெயர்த்துவதா, சரிவைப் பலப்படுத்துவதா? பி2 எழுத்துப் பரீட்சை கேட்பதும் 250 சொல்லளவில் இப்படியொரு வாதத்தைத்தான். ஒரே படம் நான்கு நிலைக்கும் உங்களோடு வரும்.

ஆறாம் படி: வாசிப்பு

பி1ஐ எட்டியதும் பிரெஞ்சுப் புவியியல் கட்டுரைகளைத் தொட்டுப் பாருங்கள். லியோன் நகரின் உயர்கல்வி நிறுவனமொன்று நடத்தும் ஜெயோகொன்ஃப்ளுவான்ஸ் தளம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என்றே தயாரிக்கப்படுவது. மொழி தெளிவு, கலைச்சொல் விளக்கமும் உண்டு, இலவசம். 1996 முதல் இணையத்தில் வெளிவரும் சைபர்ஜெயோ ஆய்விதழும், ஓப்பன்எடிஷன் தளத்திலுள்ள ஆய்விதழ்கள் பலவும் காசின்றி வாசிக்கலாம். பிரான்சின் தேசியப் புவியியல் நிறுவனம் வெளியிடும் 25,000க்கு 1 படங்களையும் இணையத்தில் பாருங்கள். அல்ப்ஸ் கிராமமொன்றின் படத்தையும் நுவரெலியாத் தாளையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசங்கள் துலங்கும்.

ஒரு கொப்பியில் மூன்று நிரல் போட்டு, ஒவ்வொரு கலைச்சொல்லையும் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று எழுதி வாருங்கள். பரீட்சைக்குத் தமிழ், வாசிப்புக்கு ஆங்கிலம், மேற்படிப்புக்குப் பிரெஞ்சு. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளை முதல் வருடத்திலேயே பழகிவிட்டால், பிறகு அதன் மெனுவைப் பிரெஞ்சுக்கு மாற்றிவைத்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: ஆய்வேட்டுக்கு ஒரு பொருள்

சிறப்புப் பட்டத்தின் ஆய்வேட்டுக்குப் பலர் சுற்றுலா, கழிவு முகாமை என்று கைக்கு வந்ததை எடுக்கிறார்கள். இந்தச் சோடியைப் படித்தவர்களுக்கு வேறொரு கதவு திறந்திருக்கிறது: ரியூனியன் தீவு.

இந்து சமுத்திரத்தில் மொரீஷியசுக்குப் பக்கத்தில் இருக்கும் ரியூனியன், 1946இலிருந்து பிரான்சின் ஒரு மாவட்டம். அங்கே 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழ்நாட்டு மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். 1860இல் பிரித்தானியாவும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு பிரித்தானிய இந்தியாவிலிருந்தும் ஆள் சேர்க்க முடிந்தது. நம்மவர்கள் இராமேஸ்வரம் வழியாகக் கடல்கடந்து மாத்தளைப் பாதையில் நடந்த அதே காலம். அவர்களுடைய வழித்தோன்றல்களை அங்கே மல்பார் என்கிறார்கள். பெரும்பாலோர் தமிழ் பேசுவதில்லை. ஆனால் சென்ட் ஆந்த்ரே பக்கத்தில் கோயில்கள் இருக்கின்றன, தீமிதிப்பும் நடக்கிறது.

நிலத்தைப் பாருங்கள். பிதுருதலாகலை 2,524 மீற்றர். ரியூனியனின் பிதோன் தெ நேஜ் 3,000 மீற்றரைத் தாண்டுகிறது. இங்கே தென்மேல் பருவக்காற்றில் வட்டவளையும் ஹட்டனும் நனையும்போது பதுளை மழைநிழலில் இருக்கும். அங்கே தென்கிழக்கு வியாபாரக் காற்றில் கிழக்குக் கரை நனைய, மேற்குக் கரை காய்ந்து கிடக்கும். 24 மணி நேரத்தில் பெய்த மழைக்கான உலகச் சாதனை அங்கேதான் பதிவானது: 1966 ஜனவரியில் ஃபொக்-ஃபொக் என்ற இடத்தில் 1,825 மில்லிமீற்றர். செங்குத்துச் சரிவு, கனமழை, தோட்ட வரலாறு, மண்சரிவு. 1875இல் தீவின் உட்பகுதியிலுள்ள சலாசியில் ஒரு குடியிருப்பையே மண் மூடியிருக்கிறது.

ஒரே மக்கள், ஒரே நூற்றாண்டு, இரண்டு மலைத்தீவுகள், இரண்டு பேரரசுகள். குடியிருப்பு எங்கே வைக்கப்பட்டது, காணி எப்போது யார் கைக்கு வந்தது, அபாயச் சரிவில் இன்று வாழ்வது யார் என்று ஒப்பிட்டால் அது நல்ல ஆய்வாகும். ரியூனியன் பக்கத்து ஆவணங்களும் கட்டுரைகளும் பிரெஞ்சில் இருக்கின்றன. மலையகப் பக்கத்து வாழ்க்கை உங்கள் வீட்டில் தமிழில் இருக்கிறது. இரண்டையும் மூலமொழியிலேயே வாசிக்கக்கூடியவர்கள் மிகச் சிலர். நீங்கள் அவர்களில் ஒருவராகலாம் என்பதில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. இளநிலை ஆய்வேட்டில் முழுத் தீவையும் தூக்காமல், ஒரு டிவிஷனையும் சலாசியின் ஒரு குடியிருப்பையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை

சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கைக்கு அதிகம் பயணிகளை அனுப்பும் நாடுகளில் பிரான்சும் ஒன்று. உரிமம் பெற்ற வழிகாட்டியாகப் பிரெஞ்சு பேசி, எல்ல இடைவெளியும் உலக முடிவும் எப்படி உருவாயின என்றும் விளக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு. புவியியல் ஆசிரியர் சேவை நிலையான வழி. அனர்த்த முகாமை, நில அளவை, தகவல் வரைபட வேலைகளில் மென்பொருள் தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள். பிரெஞ்சு அபிவிருத்தி முகவரகம் இலங்கையில் பல வருடமாக இயங்குகிறது. அதன் திட்டங்களில் வேலை செய்யும் நிறுவனங்களில் இரண்டு மொழியும் களமும் தெரிந்தவருக்கு இடம் கிடைக்கலாம். பிரெஞ்சு மட்டும், அல்லது சாதாரணப் பட்டம் மட்டும் என்று நிற்பது பலமில்லை.

பிரான்சில் முதுகலை

இளநிலைக்கே பிரான்ஸ் போவதை நான் ஊக்குவிப்பதில்லை. இங்கே அரச பல்கலைக்கழகத்தில் கட்டணமில்லாமல் படித்து, பி2ஐ கையில் வைத்துக்கொண்டு முதுகலைக்குப் போவதே நம் குடும்பங்களுக்குத் தாங்கும். முதுகலை இரண்டு வருடம். 2019இல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோருக்கு வருடக் கட்டணத்தை இளநிலைக்கு 2,770 யூரோ, முதுகலைக்கு 3,770 யூரோ என்று நிர்ணயித்தார்கள். பிறகு அது சிறிது சிறிதாகக் கூடிவருகிறது. பல பல்கலைக்கழகங்கள் ஒரு பகுதியையோ முழுவதையுமோ விலக்கித் தருகின்றன. விண்ணப்பிக்கும் முன்பே அதைக் கேளுங்கள். வாழ்க்கைச் செலவுக்கு மாதம் குறைந்தது 615 யூரோ இருப்பதாக விசாவுக்குக் காட்டச் சொல்வது நீண்டகால வழக்கம்.

புலமைப்பரிசில்களில் பிரெஞ்சு அரசு தரும் ஐஃபெலுக்கு நீங்கள் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, சேரப்போகும் நிறுவனம்தான் பரிந்துரைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். தெரிவானவர்களுக்கு மாதம் 1,400 யூரோ கிடைக்கிறது. நடைமுறைகளுக்குக் பிரான்சில் படிக்கப் போவோருக்கு வழிகாட்டும் அரச அமைப்பான, கொழும்பிலுள்ள கம்பஸ் பிரான்ஸை அணுகுங்கள். முகவர்களுக்குக் காசு கட்டி விண்ணப்பிக்கத் தேவையே இல்லை. வயலையோ நகையையோ விற்றுக் கொடுக்கச் சொல்லும் எவரையும் வீட்டு வாசலில் ஏற்றாதீர்கள்.

பொருத்தமான பேராசிரியர் ஒருவரைக் கண்டுபிடித்து எழுதும் மின்னஞ்சல் பிரெஞ்சில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். அவருடைய கட்டுரை ஒன்றை வாசித்ததைக் குறிப்பிட்டு, உங்கள் கேள்வியை மூன்று வரியில் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலும் டெல்ஃப் சான்றிதழும் உங்கள் டிவிஷனின் குரோக்கியும் இணைப்பில் போகட்டும். ரியூனியன் பல்கலைக்கழகம் சென்-தெனியில் இருக்கிறது, அங்கேயும் புவியியல் துறை உண்டு. யூலையிலும் ஓகஸ்ட்டிலும் பிரான்சில் விடுமுறை என்பதால் அந்த மாதங்களில் எழுதினால் பதில் தாமதமாகும். ஒக்டோபரில் எழுதுங்கள்.